ஹேட்ரியன் சுவரும் அதன் கோட்டைகளும் கோட்டையடி ஊர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வட இங்கிலாந்தில் நியூகாசில் பக்கம் குடியிருப்பதால், ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு ரோமானியச் சுவரைச் சுற்றிக் காட்டுகிற வேலை என் தலையில் விழுந்துவிட்டது. வருகிற ஆட்கள் மாறுகிறார்கள், கேள்விகள் மாறுவதில்லை. அதனால் அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டு, தெரிந்த பதிலைக் கீழே எழுதியிருக்கிறேன். வரிசையாகப் படித்தால் நல்லது, பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை நம்பித்தான் போகின்றன.

ரோம் எங்கேயோ இத்தாலியில் இருக்கிறது. இந்தக் குளிரில் அவர்களுக்கு என்ன வேலை?

ஜூலியஸ் சீசர் கி.மு. 55-இலும் 54-இலும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார், தங்கவில்லை. தங்குவதற்காக வந்தது கி.பி. 43-இல், பேரரசர் கிளாடியஸ் அனுப்பிய படை. நான்கு லீஜியன்கள், அதாவது ரோமின் பெரிய படைப்பிரிவுகள், கூடவே துணைப்படைகள். தகரம், ஈயம், தானியம் என்று காரணங்கள் சொல்வார்கள், எல்லாம் ஓரளவு உண்மைதான். ஆனால் கிளாடியஸ் போர்க்களமே பார்க்காத மனிதர், மெய்க்காவல் படை பிடித்து அரியணையில் உட்கார வைத்த ஆள், அவருக்கு ரோமில் பேர் வாங்க ஒரு வெற்றி அவசரமாகத் தேவைப்பட்டது. என்னைக் கேட்டால் அதுதான் முதல் காரணம்.

அதற்குப் பிறகு முந்நூற்று அறுபது வருஷத்துக்கு மேல் பிரிட்டன் ஒரு எல்லை மாகாணமாகவே இருந்தது. தெற்கே நகரங்கள், பண்ணை மாளிகைகள், குளியல் மண்டபங்கள். வடக்கிலும் மேற்கிலும் ராணுவம். ஒரு காலத்தில் ஐம்பதாயிரம் பேர் வரை இந்த ஒரு மாகாணத்தில் நிறுத்தியிருந்தார்கள் என்று கணக்கிடுகிறார்கள். இவ்வளவு பேருக்குச் சோறு போட்டுச் சம்பளம் கொடுத்ததில் ரோமுக்கு லாபம் வந்ததா என்பது இன்றைக்கும் வாதம்தான்.

இந்தச் சுவர்தான் இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் எல்லையா?

இல்லை. சுவர் முழுக்க இங்கிலாந்துக்குள்ளேதான் இருக்கிறது. மேற்கே எல்லையை ஒட்டிப் போகும், சுவரின் கிழக்கு முனையான வால்ஸெண்டில் எல்லை நூறு கிலோமீட்டருக்கும் மேல் வடக்கே இருக்கிறது. சுவர் கட்டினபோது இங்கிலாந்தும் கிடையாது, ஸ்காட்லாந்தும் கிடையாது.

எதிரி உள்ளே வராமல் இருக்கத்தானே கட்டினார்கள்? அப்படியானால் இவ்வளவு வாசல் எதற்கு?

நல்ல கேள்வி. இதைக் கேட்பவர்களுக்குப் பாதி பதில் அவர்களே தெரிந்து வைத்திருக்கிறார்கள். பேரரசர் ஹேட்ரியன் 122-இல் பிரிட்டனுக்கு வந்தார், ஆளுநர் பிளாட்டோரியஸ் நெப்போஸ் வேலையை நடத்தினார். கடலிலிருந்து கடல் வரை 80 ரோமன் மைல், நம் கணக்கில் சுமார் 117 கிலோமீட்டர். ஒவ்வொரு ரோமன் மைலுக்கும் ஒரு சின்னக் காவல் கோட்டை, அதற்கு வாசல் உண்டு. இரண்டு மைல் கோட்டைகளுக்கு இடையில் இரண்டு காவல் கோபுரங்கள். கிழக்குப் பகுதி கல், மேற்கே முதலில் புல்தரையைக் கட்டி கட்டியாக வெட்டி அடுக்கிய மண்சுவர், பிறகுதான் அதையும் கல்லாக மாற்றினார்கள்.

யாரையும் விடக் கூடாது என்று நினைத்தவன் மைலுக்கு ஒரு கதவு வைக்க மாட்டான். ஆடு மாடு ஓட்டி வருகிறவன், சந்தைக்கு வருகிறவன், உறவைப் பார்க்க வருகிறவன் எல்லோரும் வரலாம், ஆனால் நாங்கள் சொல்லும் இடத்தில், எங்கள் கண் முன்னால் வா என்பதுதான் சுவரின் வேலை. சின்னக் கொள்ளைக் கூட்டங்களை அது நிறுத்தும். பெரிய படை திரண்டு வந்தால் சுவர்மேல் நின்று சண்டை போடுவது ரோமானியர் பழக்கமே இல்லை, வெளியே வந்து திறந்த வெளியில் மோதுவார்கள்.

இன்னொன்று, சுவருக்குத் தெற்கேயும் ஒரு பெரிய அகழி ஓடுகிறது, இரு பக்கமும் மண் மேடு போட்டு. வடக்கே எதிரி என்றால் தெற்கே அகழி எதற்கு? ராணுவ நிலத்துக்குள் அக்கம்பக்கத்து ஆட்கள் கண்டபடி நுழையாமல் இருக்க. அதாவது இரண்டு பக்கத்து மக்களையும் கண்காணிக்கிற அமைப்பு இது.

கோட்டை என்கிறீர்கள், ராஜா எங்கே இருந்தார்?

ராஜாவே கிடையாது. இங்கே கோட்டை என்றால் ராணுவ முகாம், அவ்வளவுதான். மூலைகள் வளைந்த செவ்வகம், நான்கு பக்கமும் வாசல். நடுவில் தலைமையகம், அதற்குள் படைக்கொடிகளை வைத்து வணங்கும் அறையும் பணப்பெட்டி அறையும். பக்கத்தில் தளபதியின் வீடு, நடுமுற்றம் வைத்து, தரைக்கு அடியில் சூடு ஓடுகிற மாதிரி. இன்னொரு பக்கம் தானியக் களஞ்சியம், ஈரம் ஏறாமல் தரையைத் தூண்கள் மேல் தூக்கிக் கட்டியிருப்பார்கள். மிச்ச இடமெல்லாம் வீரர்களின் நீள வரிசைக் குடியிருப்பு. எட்டுப் பேருக்கு இரண்டு அறை, முன்னறையில் சாமான், பின்னறையில் படுக்கை. வரிசையின் கடைசியில் நூற்றுவர் தலைவனுக்கு மட்டும் தாராளமான இடம்.

வசதி என்னவென்றால், ஒரு கோட்டையைப் புரிந்துகொண்டால் மாகாணம் முழுக்க எந்தக் கோட்டைக்குள் போனாலும் வழி தெரியும். சுவரை ஒட்டிய ஹவுஸ்டெட்ஸ் கோட்டை சுமார் இரண்டு ஹெக்டேர். செஸ்டர், யார்க், வேல்ஸில் உள்ள கேர்லியன் போன்ற லீஜியன் கோட்டைகள் அதைப் போல் பத்து மடங்கு.

சுவரை ஒட்டிய பெரிய கோட்டைகள் முதல் திட்டத்தில் இல்லை என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். சுவர் பாதி கட்டினபிறகு திட்டத்தை மாற்றி அவற்றைச் சேர்த்தார்கள். ஹவுஸ்டெட்ஸ் கோட்டைக்கு அடியில் ஒரு காவல் கோபுரத்தின் அடித்தளம் கிடக்கிறது, கட்டினதை இடித்துவிட்டு அதன்மேல் கட்டியிருக்கிறார்கள். அரசு ஒப்பந்த வேலை அன்றைக்கும் இப்படித்தான்.

லீஜியன், துணைப்படை என்று மாற்றி மாற்றிச் சொல்கிறீர்களே, என்ன வித்தியாசம்?

லீஜியனில் சேர ரோமானியக் குடியுரிமை வேண்டும். ஒரு லீஜியனில் ஐயாயிரம் பேருக்கு மேல். அதற்குள்ளேயே கொத்தன், தச்சன், நில அளவைக்காரன் எல்லோரும் இருப்பார்கள். துணைப்படை என்பது குடியுரிமை இல்லாத மாகாண மக்களைக் கொண்டு திரட்டியது, ஐந்நூறு அல்லது ஆயிரம் பேர் என்று பெயர், நிஜத்தில் கொஞ்சம் குறைவாக இருக்கும். 25 வருஷம் சேவை செய்தால் குடியுரிமை கிடைக்கும், அதற்குச் சான்றாக வெண்கலப் பட்டயம் வாங்கிக்கொள்ளலாம்.

சுவரைக் கட்டியது லீஜியன்கள், முக்கியமாக இரண்டாவது, ஆறாவது, இருபதாவது. காவல் இருந்தது துணைப்படைகள். கட்டின பகுதிக்கு எந்தக் குழு பொறுப்பு என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள், அந்தக் கற்கள் இன்றும் கிடைக்கின்றன.

அப்படியானால் இங்கே இருந்தவர்கள் இத்தாலிக்காரர்களே இல்லையா?

பெரும்பாலும் இல்லை. ஹவுஸ்டெட்ஸில் இருந்தது இன்றைய பெல்ஜியம் பக்கத்துத் துங்ரியர் படை. செஸ்டர்ஸ் கோட்டையில் வட ஸ்பெயினின் அஸ்தூரியக் குதிரைப்படை. பேர்டோஸ்வால்டில் டேசியர், அதாவது இன்றைய ருமேனியா. கார்வோரனில் சிரியாவின் ஹமா பகுதி வில்லாளிகள். கார்லைலுக்குப் பக்கத்தில் பர்க் பை சாண்ட்ஸில் மூன்றாம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்க மூர் படை. சவுத் ஷீல்ட்ஸில் டைகிரிஸ் படகோட்டிகள். பெயர் அப்படி இருந்தாலும், சில தலைமுறை கழித்து அந்தப் படைகளில் உள்ளூர்ப் பையன்கள்தான் நிறைய சேர்ந்திருப்பார்கள், அதையும் நினைவில் வைக்க வேண்டும்.

மேலிடத்திலும் இதே கதைதான். ஸ்காட்லாந்தில் அடுத்த சுவரைக் கட்டிய ஆளுநர் லோலியஸ் உர்பிகஸ் இன்றைய அல்ஜீரியாவில் ஒரு சின்ன ஊர்க்காரர். பேரரசர் செப்டிமியஸ் செவரஸ் லிபியாவில் பிறந்தவர், யார்க்கில் 211 பிப்ரவரியில் இறந்தார்.

கோட்டைக்கு வெளியே வரிசையாக வீட்டு அடித்தளம் தெரிகிறதே, அது யார் ஊர்?

என்னைப் பொறுத்தவரை கோட்டையை விட இதுதான் சுவாரஸ்யம், வருகிறவர்கள் இதைத் தாண்டிக்கொண்டு நேராகக் கோட்டை வாசலுக்குப் போவதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. ஐந்நூறு பேர் ரொக்கச் சம்பளம் வாங்குகிற இடத்துக்குப் பக்கத்தில் கடை முளைக்காமல் இருக்குமா? சாராயக் கடை, கொல்லன் பட்டறை, செருப்புத் தைப்பவர், வட்டிக்காரர், வீரர்களின் குடும்பங்கள், ஓய்வு பெற்றும் வேறு போக்கிடம் இல்லாதவர்கள் என்று ஒரு ஊரே உருவாகிவிடும். இதை வீகஸ் என்பார்கள், நான் கோட்டையடி ஊர் என்று சொல்லிப் பழகிவிட்டேன்.

வீடுகள் குறுகலாக, நீளமாக இருக்கும். தெரு முகப்பு விலை மதிப்புள்ளது, எல்லோருக்கும் அதில் ஒரு துண்டு வேண்டும். முன்னால் கடை, பின்னால் குடித்தனம். அரசாங்கம் திட்டம் போட்டுக் கட்டின ஊர் இல்லை, ஆனால் ஒழுங்கில்லாத சேரியும் இல்லை. சுவருக்குக் கொஞ்சம் தெற்கே உள்ள வின்டோலாண்டா கோட்டையில், ஊர்க்காரர்கள் ஒன்றாகச் சேர்ந்து வல்கன் தெய்வத்துக்கு ஒரு பலிபீடம் வைத்து, அதில் "வின்டோலாண்டா ஊரார்" என்றே தங்களைக் குறிப்பிட்டிருக்கிறார்கள். ஊர்ச்சபை மாதிரி ஏதோ ஒன்று இருந்திருக்கிறது.

எல்லாம் அமைதியான குடும்பங்கள் என்றும் நினைத்துவிட வேண்டாம். ஹவுஸ்டெட்ஸில் ஒரு வீட்டின் களிமண் தரைக்கு அடியில் இரண்டு எலும்புக்கூடுகள் கிடைத்தன, ஒன்றின் விலா எலும்புக்குள் கத்தி முனை ஒடிந்து நின்றது. ரோமானியச் சட்டப்படி ஊருக்குள் புதைக்கவே கூடாது, ஆக இது கொலை, யாரோ மறைத்திருக்கிறார்கள்.

வீரர்கள் கல்யாணம் செய்துகொள்ளக் கூடாதாமே? அப்புறம் குழந்தைச் செருப்பு எப்படிக் கிடைத்தது?

சட்டம் ஒன்று, நடப்பு ஒன்று. அகஸ்டஸ் காலத்திலிருந்து சுமார் 197 வரை சாதாரண வீரனுக்குச் சட்டப்படி திருமணம் கிடையாது. ஆனால் பெண்ணோடு குடித்தனம் நடத்துவதை, பிள்ளை பெறுவதை யாரும் தடுக்கவில்லை. சேவை முடிந்து பட்டயம் கிடைக்கும்போது அந்த உறவுக்கு அங்கீகாரமும் வந்துவிடும் (பட்டயம் பற்றி லீஜியன் கேள்வியில் சொல்லியிருக்கிறேன்).

வின்டோலாண்டாவில் இதுவரை 5,000-க்கும் மேல் தோல் செருப்புகள் கிடைத்திருக்கின்றன. பெண்கள் அளவு, கைக்குழந்தை அளவு எல்லாம் உண்டு. முக்கியமான விஷயம், அவற்றில் சில கோட்டைக்கு உள்ளேயே, வீரர் குடியிருப்பு இருந்த இடத்திலேயே கிடைத்தன. அதற்கு முன்னால் ஆராய்ச்சியாளர்கள் கோட்டைக்குள் ஆண்கள், வெளியே குடும்பங்கள் என்று சுத்தமாகக் கோடு போட்டு வைத்திருந்தார்கள். செருப்புகள் அந்தப் பிரிவினையை அழித்துவிட்டன.

தளபதிக்கு இந்தத் தடை இல்லை, மனைவி பிள்ளைகளோடுதான் வருவார். வின்டோலாண்டாவில் இருந்த பட்டாவியர் (இன்றைய நெதர்லாந்துப் பக்கத்து மக்கள்) படைத் தளபதி செரியாலிஸின் மனைவி லெப்பிடினாவுக்கு, இன்னொரு கோட்டைத் தளபதியின் மனைவி கிளாடியா செவெரா எழுதிய கடிதம் இருக்கிறது, அங்கே கிடைத்த மரப்பலகைக் கடிதங்களில் ஒன்று. செப்டம்பர் 11 என் பிறந்தநாள், நீ கட்டாயம் வர வேண்டும் என்று அழைப்பு. கடிதத்தின் பெரும்பகுதியை எழுத்தர் எழுத, கடைசி வரிகளை அவரே தன் கையால் எழுதியிருக்கிறார். லத்தீனில் ஒரு பெண்ணின் கையெழுத்தாகக் கிடைத்தவற்றில் மிகப் பழையவற்றுள் ஒன்று, ஏறக்குறைய கி.பி. 100.

சவுத் ஷீல்ட்ஸில் ரெஜினாவின் கல்லறைக் கல்லையும் பாருங்கள். தெற்கே கட்டுவெல்லௌனி குலத்தில் பிறந்து, அடிமையாகி, சிரியாவின் பல்மைரா நகரத்து பராத்தேஸால் விடுதலை செய்யப்பட்டு அவருக்கே மனைவியானவர். முப்பது வயதில் இறந்துவிட்டார். மேலே முறைப்படி லத்தீன், கீழே கணவரின் சொந்த மொழியில் ஒரே வரி, "பராத்தேஸ் விடுவித்த ரெஜினா, ஐயோ" என்று.

அந்தக் கடிதங்கள் நிஜமா? மரத்தில் எழுதினது 1,900 வருஷம் எப்படி அழியாமல் இருக்கும்?

நிஜம்தான். 1973-இல் ராபின் பெர்லி வின்டோலாண்டாவில் தோண்டியபோது முதல் பலகைகள் கிடைத்தன. அஞ்சலட்டை அளவு, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கனம், கரி மையில் எழுத்து. அங்கே மரக் கோட்டையை ஒவ்வொரு தடவை இடிக்கும்போதும் பழைய குப்பையை அப்படியே விட்டு, களிமண்ணும் புல்தரையும் போட்டு மூடி, மேலே புதிதாகக் கட்டினார்கள். ஒன்றின்மேல் ஒன்றாகக் குறைந்தது ஒன்பது கோட்டைகள். ஈரம் உண்டு, காற்று இல்லை. காற்றில்லாத சேற்றில் மரமும் தோலும் துணியும் மக்குவதில்லை. குத்துச்சண்டைக் கையுறை, மரத்தால் ஆன கழிப்பறை இருக்கை எல்லாம் அதனால்தான் கிடைத்தன. பலகைகளை அகச்சிவப்புப் புகைப்படம் எடுத்தால்தான் எழுத்து தெரியும், முக்கியமானவை லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

பிரமாதமான இலக்கியம் எதுவும் இல்லை, அதுதான் அவற்றின் சிறப்பு. ஒருவர் காலுறையும் செருப்பும் இரண்டு ஜோடி உள்ளாடையும் அனுப்பியிருக்கிறேன் என்கிறார். மாஸ்க்ளஸ் என்ற குதிரைப்படை அதிகாரி, என் ஆட்களுக்கு பீர் தீர்ந்துவிட்டது, அனுப்பச் சொல்லுங்கள் என்று கேட்கிறார். எனக்குப் பிடித்தது துங்ரியர் படையின் ஆள் கணக்கு. சுவர் கட்டுவதற்குச் சுமார் முப்பது வருஷம் முந்தியது. மொத்தம் 752 பேர், அதில் 456 பேர் கோட்டையில் இல்லை, 337 பேர் கார்பிரிட்ஜில், 46 பேர் ஆளுநரின் காவலுக்கு, மிச்சப் பேர் அங்கங்கே. இருந்த 296 பேரில் 15 பேருக்கு நோய், 6 பேருக்குக் காயம், 10 பேருக்குக் கண்வலி. வரைபடத்தில் ஒரு கோட்டைக்கு ஒரு படை என்று புள்ளி வைக்கும்போதெல்லாம் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளலாம்.

சாப்பாட்டுக்கு என்ன செய்தார்கள்? இங்கே ஒன்றும் விளையாதே.

விளையும், ஆனால் போதாது. கோதுமையும் பார்லியும் தெற்கிலிருந்தும் கடல் வழியாகவும் வந்தன. சவுத் ஷீல்ட்ஸ் கோட்டையை செவரஸ் காலத்தில் ஏறக்குறைய முழுக்கக் களஞ்சியமாகவே மாற்றினார்கள். அக்டாவியஸ் என்ற வியாபாரி எழுதிய கடிதம் ஒன்று, ஐயாயிரம் மோடியஸ் (ரோமானியத் தானிய அளவை) தானியம் வாங்கியிருக்கிறேன், உடனே பணம் அனுப்பு, இல்லாவிட்டால் கொடுத்த முன்பணம் போய்விடும், கேட்டரிக்கில் தோல் கிடக்கிறது, சாலை மோசமாக இருப்பதால் வண்டி எடுத்துப் போகவில்லை என்று புலம்புகிறது. எந்தக் காலத்து ஒப்பந்தக்காரரும் எழுதியிருக்கக்கூடிய கடிதம்.

ஸ்காட்லாந்தில் பேர்ஸ்டன் கோட்டையின் அகழியில் கழிப்பறைக் கழிவு அப்படியே கிடைத்தது, அதை ஆராய்ந்ததில் கோதுமைத் தவிடு, அத்திப்பழ விதை, கொத்தமல்லி, கசகசா எல்லாம் இருந்தன, கூடவே குடல்புழு முட்டைகளும். தானியத்தில் வண்டு இருந்ததும் தெரிந்தது.

மிளகும் வந்திருக்கிறது. வின்டோலாண்டா கணக்குப் பலகை ஒன்றில் டப்போ மகன் காம்பக்ஸ் என்பவர் பெயருக்கு நேரே இரண்டு தெனாரியஸுக்கு (ரோமானிய வெள்ளிக்காசு) மிளகு என்று பற்று எழுதியிருக்கிறது. அந்த மிளகு முசிறி போன்ற சேர நாட்டுத் துறைகளிலிருந்து செங்கடல், எகிப்து, ரோம் என்று கைமாறி வந்திருக்க வேண்டும். யவனர் கப்பல் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூறு பாடுகிறது, அந்த வியாபாரத்தின் மறுமுனை ஒரு சாதாரண வீரனின் கடன் கணக்கு வரை நீண்டிருக்கிறது.

உள்ளூர் ஆட்கள் என்ன ஆனார்கள்? அவர்களைப் பற்றி யாருமே பேசுவதில்லையே.

உண்மை, எழுத்து முழுக்க ராணுவத்தின் கையில் இருந்ததால் அவர்கள் குரல் நமக்குக் கிடைக்கவில்லை. இது பிரிகான்டிஸ் குலத்தாரின் நாடு. சுவருக்கு அடியில் சில இடங்களில் ஏர் உழுத தடங்கள் கிடைத்திருக்கின்றன, யாருடைய வயல் நடுவிலோதான் இதைக் கட்டினார்கள். வரியாகத் தானியம், தோல், கால்நடை, படைக்கு ஆட்கள் என்று கொடுக்க வேண்டியிருந்தது. பக்கத்துக் கிராமங்களில் பலர் வழக்கம்போல வட்ட வீடுகளில்தான் வாழ்ந்தார்கள், ரோமானியப் பொருள் அங்கே கொஞ்சமாகத்தான் கிடைக்கிறது.

ராணுவம் இவர்களை எப்படிப் பார்த்தது என்பதற்கு இரண்டு பலகைகள் போதும். ஒன்றில் பிரிட்டானியர்களின் சண்டை முறையைக் குறிப்பெடுத்த யாரோ, அவர்களை அற்பப் பிரிட்டானியப் பயல்கள் என்ற தொனியில் எழுதுகிறார். இன்னொன்று ஒரு வியாபாரியின் மனு. என்னைத் தடியால் ரத்தம் வர அடித்தார்கள், நான் கடல் கடந்து வந்தவன், குற்றமற்றவன் என்கிறார். கடல் கடந்து வந்தவன் என்று ஏன் சொல்ல வேண்டும்? உள்ளூர்க்காரன் அடி வாங்கினால் யாரும் கேட்க மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அதே சமயம், சிலர் இதில் மேலேயும் வந்தார்கள். கார்லைல் பக்கத்துக் கார்வெட்டி மக்கள் பிற்காலத்தில் தங்கள் சொந்த நிர்வாகத்தோடு ஒரு வட்டாரமாக அங்கீகாரம் பெற்றார்கள். கார்பிரிட்ஜ் ராணுவக் கோட்டையாகத் தொடங்கி ஊராக வளர்ந்தது.

எந்தச் சாமியைக் கும்பிட்டார்கள்?

எல்லாச் சாமியையும். அரசாங்க முறைப்படி ஜூப்பிட்டருக்கு வருஷா வருஷம் பலிபீடம். சொந்த ஊர்த் தெய்வம் தனி. வந்த இடத்துத் தெய்வத்தையும் விடவில்லை. நியூகாசிலில் பென்வெல் என்ற இடத்தில், வீடுகளுக்கு நடுவே ஆண்டெனோசிட்டிகஸ் என்ற தெய்வத்தின் சின்னக் கோயில் அடித்தளம் இருக்கிறது, அந்தப் பெயர் உலகத்தில் வேறெங்கும் இல்லை. கேரோபர்க்கில் கொவென்டினா என்ற நீர்த்தெய்வத்தின் ஊற்றுக்குள் 13,000-க்கும் மேல் காசுகள் போட்டிருந்தார்கள். அதே இடத்தில் கிழக்கிலிருந்து வந்த மித்ராஸ் என்ற தெய்வத்தின் கோயிலும் உண்டு. ஆண்களுக்கு மட்டும், ரகசியச் சடங்கு, பலிபீடம் வைத்தவர்கள் எல்லோரும் தளபதிகள். இருபது பேர் உட்கார்ந்தாலே நெருக்கடிதான்.

ஒரு கோட்டை இந்த வருஷம் கட்டினது என்று எப்படித் துல்லியமாகச் சொல்கிறார்கள்? அடித்து விடுகிறார்களா?

கல்வெட்டு இருந்தால் பேரரசர், ஆளுநர் பெயரை வைத்துச் சொல்லலாம். காசு கிடைத்தால், அது அடிக்கப்பட்ட வருஷத்துக்கு முன்னால் இந்த மண்ணடுக்கு இல்லை என்று மட்டும் சொல்லலாம். பளபளக்கும் சிவப்பு மேசைப் பாண்டங்களில் குயவர் முத்திரை இருக்கும், எந்தக் குயவர் எந்தக் காலம் என்று பட்டியலே வைத்திருக்கிறார்கள். இதே முறையைத்தான் மார்ட்டிமர் வீலர் 1945-இல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் கையாண்டார், இத்தாலியப் பாண்டத் துண்டுகளை வைத்து அங்கே கிடைத்த மற்றவற்றுக்குக் காலம் குறித்தார். அவர் பழகிய களம் இதுதான், 1926-இல் கேர்லியன் லீஜியன் கோட்டையின் வட்டரங்கைத் தோண்டியவர் அவரும் அவர் மனைவி டெஸ்ஸாவும்.

மரம் கிடைத்தால் கதையே வேறு. வளையங்களை எண்ணி வெட்டின பருவத்தையே சொல்லிவிடலாம். கார்லைல் கோட்டையின் மரங்கள் கி.பி. 72 குளிர்காலத்தை ஒட்டி வெட்டப்பட்டவை என்று தெரிந்தபோது ஒரு பெரிய பிம்பம் ஆடிப்போனது. வடக்கைப் பிடித்த பெருமை முழுக்க அக்ரிகோலா என்ற ஆளுநருக்கு என்றுதான் படித்திருந்தோம், அவரோ சுமார் 77-இல்தான் பதவிக்கு வந்தார். அவர் வாழ்க்கையை எழுதிய டாசிட்டஸ் அவருடைய மருமகன். மாமனாருக்கு முன்னால் இருந்தவர்களைக் கொஞ்சம் ஓரம் கட்டிவிட்டார் என்று இப்போது தெரிகிறது.

இவ்வளவு பெரிய படை வைத்துக்கொண்டு ஸ்காட்லாந்தை ஏன் பிடிக்க முடியவில்லை?

பிடித்தார்கள், வைத்துக்கொள்ளவில்லை. அக்ரிகோலா 83 வாக்கில் வடக்கே பெரிய சண்டையில் ஜெயித்தார். டே நதிக்கரையில் இன்ச்டுதில் என்ற இடத்தில் ஒரு லீஜியன் கோட்டையே எழும்பிக்கொண்டிருந்தது. சில வருஷத்தில் டானூப் எல்லையில் நெருக்கடி, பிரிட்டனிலிருந்து ஒரு லீஜியனை எடுக்க வேண்டி வந்தது, கட்டி முடிக்காமலே இடித்துவிட்டுக் கிளம்பினார்கள். இரும்பு எதிரி கைக்குப் போகக் கூடாது என்று சுமார் 8.75 லட்சம் ஆணிகளைக் குழி தோண்டிப் புதைத்துவிட்டுப் போனார்கள். 1960-இல்தான் வெளியே வந்தன.

அடுத்து 142-இல் அன்டோனினஸ் பயஸ், ஃபோர்த் முதல் கிளைடு வரை சுமார் 60 கிலோமீட்டருக்குப் புல்மண் சுவர் கட்டச் சொன்னார். இருபது வருஷம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை, படை ஹேட்ரியன் சுவருக்கே திரும்பியது. 208-இல் செவரஸ் நேரில் வந்தார், மூன்று வருஷத்தில் இறந்துவிட்டார், மகன் காரகல்லா சமாதானம் பேசிவிட்டு ரோமுக்குப் போய்விட்டார். ஒவ்வொரு தடவையும் வேறு எங்கோ அவசரம் வந்திருக்கிறது. வடக்கே வரி கட்டிப் படையைத் தாங்கக்கூடிய ஊர்களும் இல்லை.

ஒன்பதாவது லீஜியன் ஸ்காட்லாந்து மூடுபனியில் காணாமல் போனதாமே?

கதைக்கு நன்றாக இருக்கும். பிரிட்டனில் அதன் கடைசி உறுதியான தடயம் யார்க்கில் 108-ஐ ஒட்டிய கல்வெட்டு. பிறகு நெதர்லாந்தில் நைமேகனில் அதன் முத்திரை குத்திய ஓடுகள் கிடைத்தன, ஆக இங்கிருந்து கிளம்பிப் போனதற்கே வாய்ப்பு அதிகம். அப்புறம் எங்கே அழிந்தது என்பதில் அறிஞர்களிடையே ஒத்த கருத்து இல்லை.

410-இல் எல்லோரும் கப்பலேறிப் போய்விட்டார்கள் என்று பள்ளியில் படித்தோமே?

யார் போவது? எங்கே போவது? இத்தாலிக்காரர்கள் பற்றிய பதிலைத் திரும்பப் பாருங்கள். நான்காம் நூற்றாண்டில் சுவர்க் காவலர்கள் பெரும்பாலும் இங்கேயே பிறந்தவர்கள். 383-இல் மாக்ஸிமஸ், 407-இல் மூன்றாம் கான்ஸ்டன்டைன் என்று அரியணை ஆசைப்பட்டவர்கள் படையைத் திரட்டிக்கொண்டு கடல் கடந்தது உண்மை. ஆனால் காவலர்களை முடித்தது சம்பளம் நின்றதுதான். காசு வருவது நின்றதும் சம்பளப் படை என்ற ஒன்று இல்லாமல் போனது.

பேர்டோஸ்வால்டில் இதைக் கண்ணால் பார்க்கலாம். ஒரு களஞ்சியத்தின் கூரை சரிந்தபிறகு இன்னொன்றைக் கூடமாக மாற்றி, நெருப்பு மூட்டி வாழ்ந்திருக்கிறார்கள், 400-க்குப் பிறகு சரிந்த களஞ்சியத்தின்மேல் பெரிய மரக் கூடம் எழுந்தது. தளபதியின் வாரிசு ஊர்த் தலைவனாக மாறியிருக்கலாம் என்று தோண்டியவர்கள் நினைக்கிறார்கள், எனக்கும் அதுதான் பொருத்தமாகப் படுகிறது. கோட்டையடி ஊர்கள் மட்டும் அதற்கு நூறு வருஷத்துக்கு மேல் முன்பே, மூன்றாம் நூற்றாண்டின் பின்பகுதியிலேயே காலியாகிவிட்டன.

அவ்வளவு பெரிய சுவரின் கல்லெல்லாம் எங்கே?

சர்ச்சுகளில், பண்ணை வீடுகளில், வேலிச் சுவர்களில். ஹெக்ஸம் தேவாலயத்தின் நிலவறை ரோமானியக் கல்லால் ஆனது, லேனர்காஸ்ட் மடமும் அப்படித்தான். பெரிய அழிவு 1750-களில். ஸ்டூவர்ட் இளவரசரை அரியணையில் ஏற்ற நடந்த 1745 கலகத்தின்போது நியூகாசிலிலிருந்து கார்லைலுக்குப் பீரங்கி கொண்டுபோகச் சாலை இல்லை என்று தெரிந்ததும், சுவரையே அடித்தளமாக வைத்து ராணுவச் சாலை போட்டார்கள், இப்போதும் அந்தச் சாலையில் மைல் கணக்கில் சுவரின் மேல்தான் கார் ஓட்டுகிறோம். மிச்சம் நிற்பதில் நல்ல பங்கு ஜான் கிளேட்டன் என்ற வழக்கறிஞரால் தப்பியது, பத்தொன்பதாம் நூற்றாண்டில் சொந்தப் பணத்தில் நிலத்தை வாங்கி வாங்கிக் காப்பாற்றினார். 1987-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது, எதைப் பார்ப்பது?

காலையில் வின்டோலாண்டா. கோடையில் போனால் தோண்டிக்கொண்டிருப்பவர்களையும் பார்க்கலாம், அருங்காட்சியகத்தில் செருப்புகளுக்கு நேரம் ஒதுக்குங்கள். மதியம் ஹவுஸ்டெட்ஸ், பாறை முகட்டில் சுவர் ஓடுகிற அழகும் தென்கிழக்கு மூலையில் வீரர்களின் கழிப்பறையும் அங்கேதான். கார் இல்லாதவர்கள் ஹெக்ஸம் வரை ரயிலில் வந்து, கோடைக் காலத்தில் ஓடும் ஏடி122 பேருந்தைப் பிடிக்கலாம், 122 என்பது ஹேட்ரியன் வந்த வருஷம். ஜூலையானாலும் மழைக்கோட்டு வேண்டும். ஹவுஸ்டெட்ஸில் வண்டி நிறுத்துமிடத்திலிருந்து கோட்டை வரை நல்ல ஏற்றம், அதனால் முட்டிவலிக்காரர்கள் கூட வந்தால் அதை விட்டுவிட்டு செஸ்டர்ஸ் போய்விடுங்கள், அங்கே தரை ஏறக்குறைய சமம், ஆற்றங்கரையில் குளியல் மண்டபமும் உண்டு.